சிங்கத்தின் பின்கால்கள்

ஜப்பானின் கோபே துறைமுகத்துச் சீனத் தெருவில் புத்தாண்டுச் சிங்கம் மேளத்தோடு கடை கடையாக வந்துகொண்டிருக்கிறது. காகித விளக்குகளுக்குள் புகுந்த குளிர்கால வெயில் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. சிங்கத்தின் தலையைத் தூக்கி ஆடுகிறவன் வென்ஜியே. அவனுக்குப் பின்னால் துணிக்குள் குனிந்து, சிங்கத்தின் பின்கால்களாக வருடா வருடம் ஆடியவன் மெய்ஃபாங்கின் மகன் கைமிங். போன கோடையில் கடலில் நீந்தப் போனவன் திரும்பவில்லை. துக்கம் நடந்த இடமென்று இந்த வருடம் சிங்கம் அவள் சாப்பாட்டுக் கடையைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் எதிர்க்கடையில் பன் விற்கும் நானும் நினைத்திருந்தேன். அவளோ எப்போதும்போல வாசலில் கீரைக்கட்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். சிங்கம் அதைக் கவ்விக் கிழித்து இறைத்தால்தான் கடைக்கு நல்லது.

சிங்கம் வாசலில் நிற்கிறது. கீரையைத் தொடவில்லை. மேளக்காரர் வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் குச்சியைத் தாழ்த்துகிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இதுவும் ஆட்டம்தான் என்று கைதட்டுகிறார்கள். மெய்ஃபாங் மாவு படிந்த கையால் சிங்கத்தின் வாயைத் தூக்கி உள்ளே வென்ஜியேவின் முகத்தைப் பார்க்கிறாள்.

"அத்தை, என்னால முடியல."

"முடியலன்னா எப்படிடா? பக்கத்துக் கடைக்காரன் காத்துக்கிட்டிருக்கான். மூக்கைத் துடைச்சிட்டு ஆடு."

மேளம் மறுபடி எழுகிறது. சிங்கம் எம்பிக் கவ்வுகிறது. பச்சை இலைகள் அவள் தலையிலும் தோளிலும் விழுகின்றன. அவள் சிரித்தபடி கூட்டத்தை வணங்குகிறாள். பிறகு சிங்கம் அடுத்த கடைக்குத் திரும்ப, அதன் பின்பக்கத் துணி அவள் கைப்பிடிக்குள் இருக்கிறது. உள்ளே இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவன். யார் இழுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"யாருங்க அது? விடுங்க, கால் தடுக்குது."

அவள் விடுகிறாள்.