இறங்காத ஒயில்

வெள்ளவத்தை நாகேஸ்வரியின் பழைய ஒட்டோ கியர் காருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிழமை சும்மா நின்றால் போதும், கியர்பெட்டியின் ஒயில் முழுக்க அடித்தட்டில் வடிந்து தேங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் பண்ணிக் கியரைப் போட்டாலும், ஒயில் மேலேறும்வரை அரை நிமிடம் அசையாது.

வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து மெக்கானிக் ஷிப்லி வந்துதான் அதைக் கிளப்பி, அவரைக் கோயிலுக்கு ஏற்றிப்போவான். போன கிழமை பெட்டரியைச் சார்ஜ் பண்ணக் கழற்றிக்கொண்டு போனவன், இன்று காலை அதைத் த்ரீவீலில் கொண்டுவந்து இறக்கினான்.

வழக்கம்போல முதலில் கியர் ஒயில் பார்க்கும் குச்சியை உருவினான். ஒரு கிழமை நின்ற காரில் ஒயில் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நிற்கவேண்டும். கோட்டோடு சரியாக நின்றது, ஓடி வந்த காரில் நிற்பதுபோல. குச்சி கையைச் சுட்டது.

"அன்ட்டி, யாரு காரை எடுத்த?"

நாகேஸ்வரி வாசலுக்கு வந்தார். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை.

"என்ன தம்பி, பகிடியே? இப்பதானே என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தனீங்கள். இண்டைக்குக் கியர் போட்டாப் பிறகு கார் ஒரு செக்கன்கூட நிக்கேல்லை எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

மாட்டாத பெட்டரி ஷிப்லியின் காலடியில் கிடந்தது.

"கை கழுவவெண்டு பின்னுக்குப் போனீங்கள். எப்ப முன்னுக்கு வந்தனீங்கள்?"

வீட்டின் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் அவன் வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது யாரோ குழாயை மூடினார்கள்.