கூண்டுக்காரன்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேனாவை எடுத்துட்டுப் போங்க."

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய கோட்டைச் சுவரை ஒட்டி முப்பது மாடிக் கட்டடம் வரக்கூடாது என்று ஊரே சேர்ந்து கொடுக்கப்போகும் மனு அது. எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தலைவரின் மனைவியே மாட்டேன் என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

"ஏன் மாட்டே? அந்தக் கட்டடம் எழும்பினா நம்ம வீட்டுக்கு வெயிலே வராது. குழாயைத் திறந்தா காத்துதான் வரும். அஸ்திவாரம் தோண்டினதுக்கே கோட்டைச் சுவர் விரிசல் விட்டுப்போச்சு."

"அதெல்லாம் நீங்க சொல்றது சரிதான்."

"சரின்னா போடேன்."

"அதுல எத்தனையோ பேரோட பொழப்பு இருக்குங்க."

எத்தனையோ பேராம்! அந்த ஒரு ஆள் யாரென்று அவருக்குத் தெரியாதா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

எல்லாம் அந்த ராட்சத கிரேன் வந்து நின்ற நாளிலிருந்து ஆரம்பித்தது. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு ஆள். ஹெல்மெட்டும் தூசிக்காக முகத்தில் சுற்றிய துணியும் தவிர கீழேயிருந்து ஒன்றும் தெரியாது. 'கூண்டுக்காரன்' என்று மனசுக்குள் பெயர் வைத்திருந்தார்.

மூட்டுவலி என்று மாடிப்படி பக்கமே போகாதவள் இப்போது காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். காய்ந்துபோன துண்டையே மறுபடி உதறிக் காயப்போடுகிறாள். சாப்பாட்டுத் தட்டைக்கூட மேலே தூக்கிக்கொண்டு போகிறாள். அதுவும் வெளியே போகும்போது கட்டுகிற புடவையில்!

ஒருநாள் பூனை மாதிரிப் பின்னாலேயே ஏறிப் போய்ப் பார்த்தார். இவள் கையை ஆட்டினாள். கூண்டுக்குள்ளிருந்து கையுறை போட்ட கை ஒன்று பதிலுக்கு ஆடியது.

புருஷன்காரன் பக்கத்தில் வந்து நின்ற பிறகாவது நிறுத்தினானா? இன்னும் வேகமாக ஆட்டினான். என்ன கொழுப்பு இருக்க வேண்டும்! இவர் முஷ்டியை உயர்த்திக் காட்டியதும் அந்தக் கை சட்டென்று இறங்கிவிட்டது.

"யாருக்கு டாட்டா காட்டிட்டிருக்கே?"

"சும்மாதான். அவ்வளவு உயரத்துல தனியா உக்காந்திருக்கறது பாவமா இல்லையா?"

"நானும்தான் கடையில நாள் பூரா தனியா உக்காந்திருக்கேன். எனக்கு என்னிக்காவது கையாட்டியிருக்கியா?"

அவள் துண்டை உதறினாள்.

பொறாமைதான். வெளியே சொல்ல முடியாத, அப்பட்டமான பொறாமை. இந்த வயதில் வரக்கூடாத வியாதி. அதற்கு அவர் கடையில் மருந்தும் இல்லை.

அன்று மாலை பள்ளிக்கூடத்தில் நடந்த குழுக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சில் கூரை எகிறியது.

"வெயில் போகுது, தண்ணி போகுது, கோட்டைச் சுவர் போகுது. சரி, நம்ம மானம்? நம்ம வீட்டுப் பொம்பளைங்க மொட்டைமாடியில நிம்மதியா ஒரு துணி காயப்போட முடியுதா? உச்சியில உக்காந்துகிட்டு ஒருத்தன் வீட்டுக்குள்ளயே எட்டிப் பாக்கறான்! முதல்ல அந்த கிரேனைப் பிடுங்கி எறியணும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"அண்ணே, ஊர் மேல உங்களுக்கு இவ்வளவு பாசம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல," என்று பக்கத்துவீட்டுத் தையல்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆனா எங்க மாடிக்கெல்லாம் தொந்தரவு இல்லண்ணே. அந்தக் கூண்டு உங்க வீட்டுப் பக்கம்தான் திரும்பி நிக்குது."

அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

மனு மேலிடத்துக்குப் போனது. அதிகாரிகள் வந்து விரிசலை அளந்தார்கள், கோட்டை வாசலைப் படமெடுத்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். கொஞ்ச நாளில் உத்தரவு வந்துவிட்டது. கட்டடம் கூடாது. கிரேனைக் கழற்ற வேண்டும். வேலையாட்களை அனுப்பிவிட வேண்டும்.

குழுவில் எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. கடையைக்கூடத் திறக்காமல் வீட்டுக்குப் பறந்தார். எதிர்பார்த்தபடியே மனைவி மொட்டைமாடியில் நின்றிருந்தாள். தூரத்தில் கூண்டு காலி. கிரேனின் இரும்பு ஏணியில் ஒரு உருவம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"போறான் பாரு உன் கூண்டுக்காரன்! பொழப்பு போச்சா? நல்லா வேணும். இனிமே வேற ஊர்ல போய் வேற எவன் வீட்டையாவது எட்டிப் பாக்கட்டும்."

அவள் திரும்பவில்லை. அழுகிறாள் என்பது தெரிந்ததும் அவருக்கு வெற்றியெல்லாம் கசந்துபோனது. இத்தனை வருஷத்தில் தனக்காக அவள் இப்படி அழுததுண்டா?

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. யாரு அவன்? அவன் பேரென்ன?"

"பேரை இந்த வீட்டுல எடுக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"'மிஷின் ஓட்டப் போறதுன்னா அப்படியே போயிடு, இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு கத்திக் கதவைச் சாத்துனீங்களே, அன்னிக்குத்தான்," என்றாள் அவள், ஏணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது, மேலேயிருந்து அப்பா அம்மாவைப் பாத்துக்கலாமேன்னு இந்த ஊர் வேலையைக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கா, உங்க பொண்ணு."