எதிர்மனுதாரரின் ஆட்டோ

“இன்னைக்கு கோர்ட்டுக்கு எதுல வந்தீங்கம்மா?”

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அன்பாகத்தான் கேட்டார்.

அவள் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவளுடைய வக்கீல் சண்முகவடிவு நேற்றே மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“ஒங்கள இடிச்ச ஆட்டோவுலயே வந்து எறங்குனா, ரெண்டு பேரும் பேசிவச்சு நடிக்கிறீங்கம்பாங்க. கேஸே நிக்காதுக்கா.”

அவளும் தலையாட்டியிருந்தாள்.

அதனால்தான் இன்று ஆட்டோ இரண்டு தெரு தள்ளியே நின்றது. மீதித் தூரத்தைச் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

ஆட்டோக்காரர் அருளப்பன் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வழக்குத் தாளில் அவருக்குப் பெயர் முதல் எதிர்மனுதாரர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போய்க்கொண்டிருந்தவளை வளைவில் இடித்தது அவர்தான். தெருவில் ஆள் இல்லை. போய்விட்டிருக்கலாம்.

போகவில்லை.

அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் இடித்தேன் என்று எழுதிக் கொடுத்தார்.

இழப்பீடு கொடுக்க வேண்டிய ஆட்டோவின் இன்சூரன்ஸ் கம்பெனி அதை நம்பவில்லை. வீட்டில் வழுக்கி விழுந்தவளுக்காக ஆட்டோக்காரர் பழியை ஏற்றுக்கொண்டாராம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அருளப்பன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். முதல் தடவை அவள் ஏற மாட்டேன் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸின் படியை நினைத்துப் பார்த்துவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

“பஸ்ஸாம்மா? வேற எதுலயாவது வந்தீங்களா?” வக்கீல் மறுபடி கேட்டார்.

ஒரு சொல்தான். பஸ்.

முட்டியில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மடங்கினால் மறுபடி அடுப்பு முன்னால் நிற்கலாம். பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கலாம். இழப்பீடு வந்தால்தான் அந்த ஆபரேஷன்.

கூண்டில் ஏறியதும் கடவுள் பெயரால் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் இப்போது நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது அது மட்டும் இல்லை. பஸ் என்று சொல்லிவிட்டால், அவர் ஓட்டி வந்த அத்தனை வழியும் இல்லை என்று ஆகிவிடும். அவர் காதில் விழும்படி.

அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதைச் சொல்லவும் தன் முகம் தடையாக இருந்துவிடக் கூடாது என்பதுபோல.

“அவரு ஆட்டோவுலதாங்க ஐயா வந்தேன்.”

சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாரு ஆட்டோவுல?”

“என்னைய இடிச்சவரு ஆட்டோவுல. எப்பவும் அதுலதான். பஸ் படி ஏற முடியலைங்க. அதான் அவரே...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா.” வக்கீல் கோர்ட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “இடிச்ச ஆட்டோவே வீட்டு வாசலுக்கு வருதாம். குடுத்து வச்சவங்க.”

யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. அவள் சொன்னதாகப் பதிய, தட்டச்சு செய்பவரிடம் நிதானமாகச் சொன்னார்.

“முதல் எதிர்மனுதாரரின் ஆட்டோவில்தான் நான் நீதிமன்றத்துக்கு வருகிறேன் என்றால் சரிதான்.”

அவ்வளவுதான் பதிவானது. அதில் பஸ் படி இல்லை. வாசலில் அவர் பேசாமல் காத்திருந்தது இல்லை.

“நீங்க எறங்கலாம்மா” என்றார் நீதிபதி.

கூண்டுக்கு ஒரே ஒரு படி. வலக்காலை ஊன்றிக்கொண்டு, மடங்காத இடக்காலை முன்னால் விட்டாள். அது காற்றில் துழாவியது.

பின்வரிசையில் அருளப்பன் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் இடம் நினைவுக்கு வந்ததுபோல நின்றார்.

இன்சூரன்ஸ் வக்கீல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சண்முகவடிவு மெல்லத் தலையசைத்தாள்.

கூண்டில் நின்றவள் அருளப்பனை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவர் வந்து கையைக் கொடுத்தார்.

நீதிபதி அடுத்த வழக்கை எடுக்கவில்லை. அவர்கள் முகத்தையும் பார்க்கவில்லை. படியைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.