தட்டு உடைக்கும் வீடு

எங்கள் வீட்டு வாண்டு என் மகன் வயிற்றுப் பேத்தி, ஏழு வயது. அவள் ஒரு பீங்கான் தட்டைப் போட்டு உடைத்தால், தெருமுனையில் தூங்கும் நாய் எழுந்து அடுத்த ஊருக்கே ஓடிவிடும். இந்த மாதம் மட்டும் பதினொரு தட்டு, இரண்டு பூச்சாடி.

"இனிமே நம்மால முடியாது. ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்" என்றான் மகன்.

"இதுல மட்டும் நீங்க சொல்றது சரி" என்றாள் மருமகள்.

விண்ணப்பப் படிவமும் வந்துவிட்டது. நான் பேத்தியை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன்.

"ஏன்டி கண்ணு, கை தவறிப் போடறியா, கோவத்துல போடறியா?"

"ரெண்டும் இல்ல தாத்தா. அப்பாவும் அம்மாவும் சண்டை போடறப்பதான் போடுவேன். உடனே அதை விட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவாங்க. அப்புறம் அன்னிக்குப் பூரா நல்லாப் பேசிப்பாங்க."

நாற்பது வருடம் ஆபீஸில் பத்தாயிரம் தகராறு தீர்த்தவன் நான். இந்த வித்தை எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை சமையலறையில் குரல்கள் உயர்ந்தன. வாண்டு முகம் வெளிறி அலமாரியை நோக்கி நடந்தாள். நான் அவளை முந்திக்கொண்டு ஆறு தட்டுகளை அடுக்கோடு தரையில் போட்டேன்.

"அப்பா!"

"மாமா!"

இரண்டு குரலும் ஒன்றாக எழும்பின.

ஒரு மாதமாக எனக்கு இதே வேலைதான். வாண்டின் படிவம் குப்பைக்குப் போய்விட்டது. இப்போது மகனும் மருமகளும் ஒரே சோபாவில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, எனக்கு முதியோர் இல்லம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.