பன்னிரண்டாவது வளைவு

பிரேக்கை மிதித்த கால் திரும்பி வரவில்லை.

வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. எடு என்றால் எடுக்காதாம். இருபத்தாறு வருடம் சொன்னபடி கேட்ட கால்.

கை பிரேக்கை இழுத்துவிட்டார் டிரைவர்.

பேருந்து வளைவில் குறுக்காக நின்றது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பிறகு ஒரு வேன். அடியுங்கள், நன்றாக அடியுங்கள். சத்தத்துக்குப் பயந்து கால் எழுந்துவிடும்.

ஒரு மாதமாக வலது இமை வேறு துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்ல சேதி வருமாம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வந்த சேதி ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருந்தது. மெக்னீசியம் குறைவு. அது குறைந்தால் நரம்பு சும்மா இருக்காது, இறுகிய தசை லேசில் இளகாது என்றார் டாக்டர். ஆறு வருடமாக மருந்துக்கடையில் தானாகவே கேட்டு வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் போட்ட கேஸ் மாத்திரைதான் காரணமாம்.

நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலையில் வேறு எதை விழுங்குவது?

சரியாகும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றும் சீட்டில் எழுதியிருந்தார். பதினோரு நாளாக அது சட்டைப்பையிலேயே இருக்கிறது. டெப்போவில் காட்டினால் ஸ்டியரிங் போய்விடும். காட்டவில்லை.

இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு முகம் கோணினார்.

முதல் இருக்கையில் இருந்த அம்மாள் எழுந்தே விட்டாள்.

"ஐயோ, கையில இரும்பு ஏதாச்சும் குடுங்க சாமி!"

காக்காய் வலிப்பா, கெண்டைக்கால் பிடிப்பா என்றுகூடத் தெரியாத ஜனம். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

கண்டக்டர் கனகராசு ஓடி வந்து, வண்டிச் சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

இரண்டு நிமிடத்தில் கால் தானாக விட்டது. அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"போலாங்களாண்ணா?" என்றான் கனகராசு.

கீழே, வெகு கீழே, ஆழியார் அணை தெரிந்தது.

பிரேக்கில் இருக்கும்போது பிடித்தது. ஆக்ஸிலேட்டரில் இருந்திருந்தால்?

மலையிறங்க இன்னும் பதினோரு வளைவு. நாற்பத்தெட்டுப் பேர்.

இவ்வளவு நேரம் யார் யார் மேலோ வந்த எரிச்சல் முழுவதும் இப்போது தன் மேலேயே திரும்பியது.

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். சாவியை அதில் வைத்து மடித்தார். கனகராசுவின் தோள்பைக்குள் போட்டார்.

பிறகு காலை மெல்ல ஊன்றி இறங்கி, அந்த அம்மாளுக்குப் பின் இருக்கையில், ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.