மீட்டர் பெட்டிக்கு ஒரு கோட்டு

"ஏம்மா, அந்தப் பெட்டியைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் போங்சிக். கொரியாவின் சுன்சோன் நகரக் கடைவீதியில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு அவர் புதுக் காவலாளி.

தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் துணி திணித்துக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்குத் தண்ணியே உறையற குளிராம். வருஷா வருஷம் வைக்கிற பழந்துணி எங்கே?"

"கட்டட முதலாளிதான் எடுக்கச் சொன்னார். குழாய் உறைஞ்சு வெடிச்சாத்தான் நீங்கள்லாம் கடையைக் காலி பண்ணுவீங்களாம்."

"ஓஹோ! அப்போ இன்னும் நல்லா திணிக்கணும்."

போங்சிக் முதலாளிக்குப் போன் செய்தார். "ஐயா, கொழுக்கட்டைக் கடைக்காரம்மா சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. ரோமக் காலர் வெச்ச புதுக் கோட்டைப் பெட்டிக்குள்ள திணிக்கறாங்க!"

"ரோமக் காலரா? காப்பிக் கலரா?" என்று கேட்டார் முதலாளி.

அந்தப் பெண்மணி போனைப் பிடுங்கினாள்.

"உங்க கோட்டேதான். உங்க பொண்டாட்டிதான் பேசறேன். இதே கடையில நான் பிடிச்ச கொழுக்கட்டையிலதான் இந்தக் கட்டடமே நமக்கு வந்தது, மறந்துபோச்சா? இந்தக் கடைக்காரங்க குழாய் வெடிச்சுதுன்னா, நாளைக்கு நீங்க பனியனோடதான் ஆபீஸ் போகணும்!"

போனை நீட்டினாள். போங்சிக் அதை வாங்கி இணைப்பைத் துண்டித்தார். குனிந்து, அவள் காலடியில் இருந்த பையிலிருந்து முதலாளியின் கம்பளிப் பேன்ட் ஒன்றை எடுத்தார்.

"இதையும் திணிச்சிடலாமா, முதலாளியம்மா?"