கீழ்த்தட்டு மூட்டை

"ஒரே நேரத்துல எத்தனை பேரைப் பார்ப்பீங்க?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் டீச்சர். ஒரு கையில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய துண்டு. 'ஜிம்மில் சேருமுன் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்' என்று தலைப்பு. மறு கையில் சிவப்புப் பேனா. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர்; பேனா இல்லாமல் அவருக்கு யாரையும் விசாரிக்க வராது.

"நாலு பேர்மா. அதுக்கு மேல போனா, பார்க்கிறேன்னு சொல்லிக்கலாம், பார்க்க முடியாது" என்றார் பயிற்சியாளர்.

டீச்சர் ஒரு டிக் போட்டார்.

குளியலறையில் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். டாக்டர் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். எங்கே செய்வது என்பதுதான் பிரச்சினை. இதுவரை இரண்டு ஜிம்களுக்கு ஃபெயில் போட்டாயிற்று. முதல் இடத்தில் கண்ணாடி, ஏசி, பாட்டு எல்லாம் காட்டினார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் கோச் போனைப் பார்த்துக்கொண்டே "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் எடை தூக்கியவரின் முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"தப்பா செஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திடுவேன். எடையைக் குறைச்சிடுவேன். அதுக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போனவங்களும் உண்டு."

"போயிட்டா?"

"போகட்டும்மா. நல்ல முதுகோட போறாங்களே, அது போதும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. டிக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

"யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதி வைப்பீங்களா?"

பயிற்சியாளர் அலமாரியைக் காட்டினார். ஆளுக்கொரு நோட்டு. "முதல் பக்கத்துல ஒரே கேள்விதான். எதுக்காக வந்தீங்க? அது தெரியாம நான் யாரையும் குனியக்கூட விடமாட்டேன்."

அலமாரிக்குப் பக்கத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பத்து, பதினைந்து, இருபது என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. கீழ்த்தட்டில் ஒரே ஒரு மூட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. கணக்கு டீச்சரின் கண் அங்கேயே மாட்டிக்கொண்டது.

"அதென்ன தம்பி அறுபத்தெட்டு? எல்லாம் அஞ்சஞ்சா ஏறுது. இது மட்டும் வரிசையில சேரலையே?"

"அது ஒருத்தர் கேட்டுச் செஞ்சது. எட்டு மாசம் முன்னாடி வந்தப்போ இருபது கிலோவுக்கே அவருக்கு மூச்சு வாங்கும். போன வாரம் இதைத் தரையிலேர்ந்து தூக்கி, அந்த பெஞ்சு மேல வச்சார். வச்சிட்டு, பக்கத்துலயே உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டார்."

"அழுதாரா! ஏன்? மூட்டை தூக்குற வேலையா?"

"அது அவரோட நோட்டுல இருக்கு. ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர்கிட்ட நான் பேசறதில்லைமா."

டீச்சருக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. பட்டியலில் இல்லாத கேள்விதான். ஓரத்தில் அதற்கும் ஒரு டிக் போட்டார்.

"சரி, இப்போ என் முறை" என்று பயிற்சியாளர் ஒரு புது நோட்டைப் பிரித்தார். "எதுக்காக வந்திருக்கீங்க?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"விழுந்தா நானே எந்திரிக்கணும், அவ்வளவுதான். அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் என்னைத் தூக்கிப் பார்த்தார், முடியல. மாடியிலேர்ந்து ரெண்டு பேர் வந்து தூக்குற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையிலயே உட்கார்ந்திருந்தார். வலி கூடப் பெரிசாத் தெரியல தம்பி. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியல. இன்னொரு தடவை அவரை அப்படி உட்கார வைக்கக் கூடாது."

பயிற்சியாளர் தலை நிமிராமல் எழுதினார்.

"நீங்க இங்கே வந்தது சாருக்குத் தெரியுமா?"

"மூச்! தெரிஞ்சா பயந்துடுவார். இந்தப் பேப்பர் துண்டே அவர் டிராயர்ல கிடந்ததுதான். எனக்காக வெட்டி வச்சிட்டு, கொடுக்க மறந்திருப்பார். தினமும் சாயங்காலம் ஆறு மணி அடிச்சா செஸ் விளையாடக் கிளம்பிடுவார். அந்த நேரத்துல நான் வந்துட்டுப் போயிடறேன். செஸ் விளையாடிட்டு சட்டை நனைய வேர்த்து வர்ற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? தினமும் தோத்துத்தான் வர்றார் போல!"

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "வயசு?" என்றார்.

"அம்பத்தொம்பது."

"எடை?"

இதற்கு மட்டும் டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் பாதியாகக் குறைந்தது.

"இந்த உலகத்துல எங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அறுபத்தெட்டு."

பேனா நின்றது. பயிற்சியாளரையும் மீறி அவர் பார்வை கீழ்த்தட்டுக்குப் போனது. டீச்சரும் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி" என்றார் கடைசியில், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு ஆறு மணி வேண்டாம், காலையில வர்றேன். சாயங்காலம் இங்கே ஒருத்தர் செஸ் விளையாட வருவார். நான் வர்றது அவருக்குத் தெரிய வேண்டாம்."